நடு ஏரியில் இரண்டு சம்பந்திகள்

எங்கள் ஏரி தானாக உண்டானதல்ல. அணை கட்டித் தேக்கியது. சுற்றிலும் மலை என்பதால், காலையில் காற்று எழும்வரை தண்ணீர் அசையாது. மூடுபனிக்குள் படகு தண்ணீரில் நிற்கிறதா, வானத்தில் நிற்கிறதா என்றே தெரியாது. வருடக்கணக்காக இங்கே படகு வாடகைக்கு விடுகிறேன். இன்றும் அந்த நேரத்தில் போட்டது போட்டபடி வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருப்பேன்.

தையல்காரர் ஞாயிறு தவறாமல் வருவார். பள்ளிச் சீருடை தைத்துத் தைத்தே முதுகு வளைந்தவர். மனைவி போனபின் ஒற்றை மகளை ஆளாக்கிக் கட்டிக்கொடுத்தார். அந்தக் கல்யாணத்தில் நல்ல மாப்பிள்ளை கிடைத்தானோ இல்லையோ, இவருக்கு நல்ல சம்பந்தி கிடைத்தார். ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். இவருக்குத் தூண்டில் போடவே அவர்தான் கற்றுக்கொடுத்தார். துடுப்பை மட்டும் தொடமாட்டார்.

"ஆயுசுக்கும் ஓட்டியாச்சு. இனிமே நீங்க ஓட்டுங்க சம்பந்தி."

தையல்காரரும் நாலு வலி வலித்துவிட்டுக் கையை மடியில் வைத்துக்கொள்வார். படகு அதன் இஷ்டத்துக்குப் போகும். "கடிக்குதா?" "இல்ல." அரை நாளுக்கு அவ்வளவுதான் பேச்சு. திரும்பி வரும்போது தையல்காரரின் முகம் தூங்கி எழுந்த குழந்தையுடையதாக இருக்கும். வாரத்தில் அவர் வாழ்ந்தது அந்த அரை நாள்தான்.

போன மாதம் மகள் பெட்டியோடு வந்துவிட்டாள். புருஷன் அடிக்கிறான், இனி அந்த வீடு வேண்டாம் என்றாள். ஆனால் மாமனார் என்றால் அவளுக்கு உயிர். அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல வாய் வராமல், 'நாலு நாள் அப்பாவோடு இருந்துவிட்டு வருகிறேன்' என்று சொல்லிக் கிளம்பியிருந்தாள். "நீங்களே சொல்லிடுங்கப்பா" என்றாள். அப்பாவும் படகில் வைத்துச் சொல்வதாக ஒப்புக்கொண்டார். அந்த ஞாயிறு சொல்லவில்லை. அடுத்த ஞாயிறும் மீனோடுதான் வந்தார்.

அதற்கடுத்த ஞாயிறு, படகு கிளம்பியபின் அவளே வந்து துறையில் என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"மீனுக்கெல்லாம் சொல்லி முடிச்சிருப்பாரு. மாமாகிட்டதான் சொல்லியிருக்க மாட்டாரு" என்றாள்.

இந்த ஏரிக்காரர்கள் யாரும் காலையில் படகிலிருந்து ரகசியம் பேசமாட்டார்கள். அசையாத தண்ணீர் மேல் குரல் வழுக்கிக்கொண்டு கரைக்கே வந்துவிடும். டவுன்காரர்களான இவர்கள் இருவரும் வாயே திறக்காததால், அது அவர்களுக்குத் தெரியாமலே போயிருந்தது. நடு ஏரியைவிடத் தனிமையான இடம் ஏது என்று நினைத்தார்கள், பாவம்.

பனிக்குள்ளிருந்து டிரைவரின் குரல் வந்தது.

"சம்பந்தி, எம் மருமக இனிமே வரமாட்டா, இல்ல?"

எங்கோ ஒரு மீன் துள்ளி விழுந்தது. தையல்காரரின் குரல் வந்தது.

"வருவா. கொஞ்சம் பொறுத்துப் போம்மான்னு சொல்லிப் பாக்கறேன்."

என் பக்கத்தில் அவள் மூச்சை அடக்கிக்கொண்டாள்.

"எதுக்குப் பொறுக்கணும்? அவன் அடிக்கிறான். அவங்க வீட்டு அக்கம்பக்கத்துல சொல்லித்தான் எனக்கே தெரிஞ்சுது."

"அவ பிரிஞ்சிட்டா நீங்க யாரோ, நான் யாரோ. அப்புறம் எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு இப்படி ஒண்ணா உக்காருவோம்? எனக்கு வேற யாரு இருக்கா, சொல்லுங்க."

"அதுக்கு? நாம மீன் பிடிக்க அந்தப் பொண்ணுதான் புழுவா?"

தையல்காரர் மேல் எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தப் படகையே கவிழ்த்திருப்பேன். அழுகையும் வந்தது. பனி மெல்ல மெல்லக் கலைந்து, இருவரும் ஒருவருக்கொருவர் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பது தெரிந்தது.

"அவ போகட்டும்" என்றார் டிரைவர், கடைசியில். "வக்கீல்கிட்ட நானே கூட வரேன்."

படகு துறைக்கு வந்தது. அவளைப் பார்த்ததும் இருவருக்கும் முகம் செத்துவிட்டது. கேட்டுவிட்டாள் என்பது அவள் கண்ணிலேயே எழுதியிருந்தது. "பாத்து இறங்குங்க மாமா" என்று டிரைவரின் கையைப் பிடித்து இறக்கிவிட்டாள். அப்பா தட்டுத்தடுமாறித் தானாகவே இறங்கினார். அவள் அந்தப் பக்கம் திரும்பக்கூட இல்லை.

என்னிடம்தான் சொன்னாள், அப்பா காதில் விழும்படி.

"அக்கா, அடுத்த ஞாயித்துக்கிழமையும் இவங்க ரெண்டு பேருக்கும் படகு வேணும். நான் எங்க இருந்தாலும் சரி, எந்த வாரமும் நிறுத்திடாதீங்க."

தையல்காரர் ஈரம் என்றும் பாராமல் துறைப் பலகையிலேயே உட்கார்ந்து, இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டார்.