நேராக மட்டும் ஓடிய கார்

டத்தோ கிராமாட் அடுக்குமாடியில் பதினோராவது மாடி லீனா, கணவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் வருவதைத் தவிர, எட்டு மாதமாகக் கீழே இறங்கவில்லை. ஐம்பத்தாறு வயதிலும் கைகாலெல்லாம் கல்லுமாதிரி இருக்கின்றன. நடக்க முடியாதது கணவர் வேதநாயகத்துக்குத்தான்.

ஜுருவில் இருபத்தாறு வருஷம் கார் பழுது பார்த்த மனிதர். பக்கவாதம் வந்து வலது கையும் காலும் இழுத்துக்கொண்டன. பிறகு பேச்சு பாதி திரும்பியது, கோபம் முழுசாகத் திரும்பியது. ஒரு நாள் லீனா குப்பை போடப் போன ஐந்து நிமிஷத்தில் தானாக எழுந்து நடக்கப் பார்த்து விழுந்தார். நெற்றியில் நாலு தையல். கட்டின புருஷனைப் போட்டுவிட்டு எங்கே ஊர் சுற்றப் போனாள் என்று நாத்தனார் கேட்டது சொந்தபந்தம் முழுக்கப் பரவியது. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? அன்றிலிருந்து லீனா தனியாக வாசலைத் தாண்டவில்லை. பக்கத்து வீட்டு சலேஹா பசாரிலிருந்து மீனும் காய்கறியும் வாங்கி வந்து தருவார். ஞாயிறு பூசை கைப்பேசியில். லீனாவுக்கு மூச்சு முட்டியது. யாரிடம் சொல்வது?

கோலாலம்பூரில் வேலை பார்க்கும் மகள் ஷார்லின் ஒரு பெட்டி அனுப்பினாள். ஓட்டை போட்ட இரும்புப் பட்டைகள், திருகு, நட்டு, சக்கரம், சின்ன மோட்டார். பூட்டி முடித்தால் ரிமோட் கார். நட்டு திருகினால் அப்பாவின் விரல்கள் பழகும் என்று யாரோ சொன்னார்களாம். அப்பா பெட்டியைத் தள்ளிவிட்டார். நிஜ இன்ஜினை இறக்கி ஏற்றியவரிடம் விளையாட்டுச் சாமானைக் கொடுத்தால்?

சிதறியதைப் பொறுக்கக் குனிந்த லீனா, அப்படியே தரையில் உட்கார்ந்து பூட்ட ஆரம்பித்தாள். ஷார்லின் பிறக்கும்வரை பாயான் லெப்பாஸ் ஃபேக்டரியில் பதினோரு வருஷம் திருகு முடுக்கியவள் அவள். அங்கே ஒரு திருகு ஆடினாலும் ரிஜெக்ட். அந்தப் புத்தி விடுமா? பல்லைக் கடித்துக்கொண்டு எல்லா நட்டையும் இறுக்கினாள். முன்சக்கரம் திரும்பும் இடத்தில் மட்டும் நட்டைக் கொஞ்சம் தளர்த்தி விடவேண்டும் என்பது அவளுக்குத் தெரியாது. கட்டிலில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தவருக்குத் தெரியும். வீம்புக்கென்று வாயைத் திறக்கவில்லை.

நான்காம் நாள் சாயங்காலம் கார் ஓடியது. திரும்பத்தான் மாட்டேன் என்றது. லீனா கட்டிலுக்கு நேரே இருந்த வாசல் கதவைத் திறந்து, காரை வெளி நடையில் விட்டாள். நடையின் கோடியில் லிஃப்ட். யாரோ இறங்கினார்கள், கதவு திறந்தே இருந்தது. கார் நேராக அதை நோக்கிப் போனது. ரிமோட் பட்டனிலிருந்து விரலை எடுத்தால் நின்றிருக்கும். அவள் எடுக்கவில்லை. கார் உள்ளே போனது, கதவு மூடியது, லிஃப்ட் இறங்கியது.

லீனா செருப்பை மாட்டிக்கொண்டு அடுத்த லிஃப்டில் இறங்கினாள்.

காரைக் காவலாளி எடுத்து வைத்திருந்தார். வாங்கிக்கொண்டவள் திரும்பியிருக்கலாம். சாலைவரை நடந்தாள். வெயில் முகத்தில் பட்டதும் அழுகை வந்தது. கடையில் பாலில்லாத தேநீராக ஒரு தே ஓ வாங்கி, காரைக் கக்கத்தில் இடுக்கியபடி நின்றுகொண்டே குடித்தாள். போகிற பஸ்களைப் பார்த்தாள். நாற்பது நிமிஷம் போனது தெரியவில்லை. தெரிந்ததும் ஓடினாள்.

வேதநாயகம் விழவில்லை. கட்டில் விளிம்பைப் பிடித்தபடி வேர்த்துப்போய் உட்கார்ந்திருந்தார். அவள் வசவுக்குத் தயாராக நின்றாள்.

"லிஃப்ட் ஒம்பது தடவ தொறந்துச்சு," என்றார் திக்கித் திக்கி. "ஒவ்வொரு தடவையும் நீதான்னு நெனச்சேன்."

"காடிய எடுக்கத்தாங்க போனேன்," என்று அவள் காரை நீட்டினாள்.

"பட்டன நீ விடல. இங்கேருந்து பார்த்தேன்லா."

அவள் காரைக் கட்டில்மேல் வைத்தாள்.

"வரமாட்டியோன்னு பயந்துட்டேன். தெனம் போ. சொல்லிட்டுப் போ."

ஜுருவுக்குப் போன காலத்தில் காலையில் அவர் வாசலில் நின்று போயிட்டு வரேன் என்பார். அவள் அடுப்பைவிட்டுத் திரும்பாமலே போயிட்டு வாங்க என்பாள். மறுநாள் சாயங்காலம் ஐந்து மணிக்கு அவள் வாசலில் நின்றாள்.

"போயிட்டு வரேங்க."

பதில் வர நேரமானது. "போயிட்டு... வா."

அந்த 'வா' கெஞ்சியது. அதைக் கேட்டபிறகு லிஃப்ட் வரை நடப்பது அவளுக்குப் பெரும்பாடாக இருந்தது. ஆனாலும் நடந்தாள்.