பத்துக்குப் பத்து

எங்கள் ஹாக்கி பயிற்சியாளர் விசிலை ஊதியதைவிடக் கடித்ததுதான் அதிகம். எதிரணியில் ஒருவனை நடுவர் வெளியேற்றினால் எங்களுக்குக் கண்டம். அப்போது கிடைக்கும் சுலபமான கோலை, ஆட இடம் கொடுத்த மிராசுதாரின் மகன்தான் போடவேண்டும். எல்லோரும் அவனுக்கே பந்தைத் தள்ளுவோம். அவன் அதைப் பயபக்தியோடு எதிரியிடம் ஒப்படைப்பான்.

நீடாமங்கலத்து அணி வந்தபோதும் அவர்களில் ஒருவனை நடுவர் வெளியேற்றினார். பயிற்சியாளர் உடனே மிராசுதார் மகனை வெளியே உட்காரவைத்தார். பத்துக்குப் பத்தானதும் நாங்கள் கோல் போட்டோம்.

"எடம் என்னுது, எம் புள்ளையவே உக்கார வைக்கிறியா?" நில உச்சவரம்புச் சட்டத்துக்குப் பயந்து தன் சமையல்காரர் பெயரில் எழுதிவைத்த வயல்தான் எங்கள் ஆடுகளம்; அதில் நின்று மிராசுதார் குதித்தார்.

"எடம் உங்களுதுதாங்க. பந்து எல்லாருக்கும் போகணுமில்ல?"

மறுவாரம் ஆடுகளத்தில் தண்ணீர் பாய்ந்தது, உழவுக்காம். பயிற்சியாளர் வரப்பில் நின்றார்.

"தண்ணி பாரு, எல்லாப் பக்கமும் சமமாப் போவுது. இதத்தான் அந்த மிராசுதாருக்குச் சொன்னேன்."

சொன்னதும் விசிலைக் கடித்துக்கொண்டதால், சிரித்தாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.