அந்தப் பேருக்கு நான்

பெயர்களை வரிசையாக வாசிக்கும் குரல் எங்கே கேட்டாலும் இன்றும் என் கண் முதலில் வாசலைத் தேடும். ரேஷன் கடையாக இருக்கலாம், மருத்துவமனையாக இருக்கலாம். கண்ணாடி போட்ட ஒருவர் தாளைச் சற்று உயர்த்திப் பிடித்து, தொண்டையைச் செருமிக்கொண்டு முதல் பெயரைச் சொன்னால் போதும், நான் பழவேற்காட்டு ஏரிக்கரையில், எங்கள் குப்பத்து மீன் ஏலக் கொட்டகையில், ஏழு மாதக் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நிற்கத் தொடங்கிவிடுவேன். அன்று அந்த அதிகாரியின் கையில் இருந்த மனுவை முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை எழுதியவள் நான். அதில் பெயர் இருந்தவர்களில் பதினோரு பேர் இறந்துபோனவர்கள்.

எண்பதுகளின் நடுப்பகுதி அது. பொன்னேரிப் பக்கத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு அந்தக் குப்பத்துக்குப் போனவள் நான். பத்தாவது வரை படித்திருந்தேன். ஊர்ப் பெண்களில் அவ்வளவு படித்தவர் வேறு யாரும் இல்லாததால் கடிதம், மணியார்டர் பாரம், பள்ளிக்கூடத்துக்கு லீவு லெட்டர் எல்லாம் என்னிடம் வரும். என் கணவரின் அண்ணன், எங்கள் கல்யாணத்துக்கு இரண்டு வருஷம் முன்பே முகத்துவாரத்தில் படகு கவிழ்ந்து இறந்திருந்தார். பிள்ளை இல்லாத அவருடைய மனைவியை நான் அக்கா என்று கூப்பிடுவேன். அவள் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவே ஒரு கீற்றுத் தடுப்புதான். இடுப்பளவு தண்ணீரில் குனிந்து, சேற்றைக் கையால் தடவி இறால் பிடிப்பது அவள் தொழில். பிடித்ததைப் போடும் ஓலைப் பறியைக் கரையில் இடுப்பில் வைத்திருப்பாள்; தண்ணீரில் அதைப் பல்லால் கடித்துக்கொண்டே தடவ வேண்டும். அப்படிக் கடித்துக் கடித்து அவளுடைய முன்பற்கள் தேய்ந்திருந்தன. சிரித்தால் சின்னப் பெண் மாதிரி இருப்பாள். எல்லாவற்றுக்கும் சிரிப்பாள். எனக்கு அது ஆரம்பத்தில் பிடிக்கவில்லை.

ஊருக்கு மேற்கே, ஏரிக்கு வந்து சேரும் கால்வாயை ஒட்டி ஒரு சவுக்குத் தோப்பு இருந்தது. ஒருநாள் யாரோ வந்து சங்கிலி போட்டு அளந்தார்கள். மெட்ராஸிலிருந்து பழைய பிளாஸ்டிக்கை லாரியில் கொண்டுவந்து, கழுவி, உருக்கி, மறுபடியும் சாமான் செய்யத் தக்கதாக ஆக்கும் ஆலை வரப்போகிறது என்றார்கள். முதலில் யாரும் பயப்படவில்லை. பிளாஸ்டிக் குடம் அப்போதுதான் ஊருக்குள் வந்திருந்தது, பெண்களுக்கெல்லாம் அதன்மேல் கொள்ளை ஆசை. "ஒடஞ்ச கொடத்த குடுத்தா புதுசு குடுப்பாங்களா?" என்று ஒருத்தி கேட்டாள். "கொடம் இன்னா, உங்க மாமியாரயே குடு, உருக்கிப் புதுசா குடுப்பாங்க" என்றாள் அக்கா. கிணற்றடியே சிரித்தது.

அந்தச் சிரிப்பை நிறுத்தியவர், பழவேற்காட்டிலிருந்து இறால் வாங்க வரும் வியாபாரி. பாய் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். மெட்ராஸ் ஓரத்தில் அப்படி ஓர் ஆலையைப் பார்த்திருக்கிறார். தராசை இறக்கி வைத்துவிட்டுச் சொன்னார். "அல்லா சத்தியமா சொல்றேன்மா, கழுவின தண்ணி கறுப்பா ஓடுது. அதுல கால வெச்சவனுக்குத் தோல் உரியுது. அந்தத் தண்ணி இங்க கலந்துச்சுன்னா, நாளைக்கி உங்க எறால நானே வாங்க மாட்டேன்." அக்கா தன் இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டாள். நாளெல்லாம் அந்தத் தண்ணீரில் முங்கியிருக்கும் கைகள்; அந்தத் தண்ணீர் படும் பறியைத்தான் வாயில் கடிக்கிறாள். அவள் முகத்தில் பயத்தை நான் முதன்முதலாகப் பார்த்தது அன்றுதான்.

ஊர் கூடி, ஆலை வேண்டாம் என்று கலெக்டருக்கு மனு கொடுப்பது என்று முடிவானது. எழுதுவது நான். யார் பெயரை முதலில் போடுவது என்று ஆண்கள் சண்டை பிடித்தார்கள். ஊர்த் தலைவர் கையை உயர்த்தி, "பாடு வரிசையிலேயே எழுதும்மா. அப்பத்தான் எவனும் மேல கீழன்னு பேஜார் பண்ண மாட்டான்" என்றார். எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். எங்கள் ஏரியில் நினைத்த இடத்தில் யாரும் வலை கட்ட முடியாது. கல்யாணமான ஒவ்வோர் ஆணும் ஒரு தலைக்கட்டு. தலைக்கட்டுகளின் பெயரைச் சீட்டெழுதிக் குலுக்கி, இன்ன நாள் இன்ன இடம் இன்னாருக்கு என்று முறை வைப்பார்கள். அதற்குத்தான் பாடு என்று பெயர். தலைக்கட்டு இறந்துவிட்டாலும் அவர் பெயரை அடிக்க மாட்டார்கள். அவருடைய மகன் வளர்ந்து, கல்யாணம் முடித்து, தன் பெயரைக் கொடுக்கும்வரை, மகன் இல்லையென்றால் மனைவி இருக்கும்வரை, அந்தப் பெயர் அங்கேயே இருக்கும். அந்த முறை வரும் நாளில் பங்காளி ஒருவர் வலை கட்டி, கிடைத்ததில் பாதியை அந்த வீட்டுக்குக் கொடுத்துவிடுவார். ஏரி கொண்டுபோன ஆணின் வீட்டை ஏரியே காப்பாற்ற வேண்டும் என்பது ஏற்பாடு. இதைவிட நல்ல ஏற்பாட்டை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. ஆனால் அதை அப்படியே மனுவில் எழுதலாமா?

நான் கேட்டேன். "செத்தவங்க பேர எப்படிங்க மனுவுல போடறது?" தலைவர் தலையைச் சொறிந்தார். பெண்கள் பக்கமிருந்து அக்காதான் பதில் சொன்னாள். "பாடுல பேரு கீது இல்லியா? ஏரில பங்கு உண்டு, மனுவுல மட்டும் கெடையாதா? எழுதுடி." சரிதான், சரிதான் என்றது கூட்டம். அது தப்பு என்று எனக்குத் தெரியும். சர்க்காருக்குப் போகும் தாளில் இறந்தவர் பெயருக்கு எதிரே ரேகை இருந்தால் அதற்கு என்ன அர்த்தம் என்று அத்தனை பேரில் எனக்கு மட்டும்தான் தெரியும். வந்து இரண்டு வருஷம்கூட ஆகாத மருமகள் ஊர் முன்னால் எதிர்த்துப் பேசக் கூடாது என்று வாயை மூடிக்கொண்டேன். பதினோரு பெயருக்கும் அவரவர் மனைவியின் கட்டைவிரலை மையில் அழுத்தி, தாளில் வைத்து எடுத்ததும் நான்தான். அக்காவின் விரல் இறால் முள் குத்திச் சொரசொரப்பாக இருந்தது.

இருபது நாள் கழித்து, காலை பத்து மணி வாக்கில் விசாரணைக்கு வந்தார்கள். அதிகாரி, சபாரி உடுப்புப் போட்ட ஆலைக்காரர், கூட ஒரு ஜீப்பில் மூன்று போலீஸ்காரர்கள். அதிகாரி மரியாதையாகத்தான் ஆரம்பித்தார். வெளியே காயப்போட்டிருந்த நீல வலையைக் காட்டி, "நைலான் வலை, பிளாஸ்டிக் குடம் எல்லாம் உங்களுக்கு வேணும். பழசானா அது எங்க போறது? அதுக்கு ஒரு இடம் வேணுமில்ல?" என்று கேட்டார். கேள்வி நியாயமாகத்தான் இருந்தது. இன்றுவரை எனக்கு அதற்கு முழுப் பதில் தெரியாது. பின்வரிசையிலிருந்து ஒரு கிழவர், "உப்பு வேணும்தான் சார். அதுக்குன்னு மூட்டையோட வாயில கொட்டுவியா?" என்றார். கொட்டகை சிரித்தது. அதிகாரியும் சிரித்தார். அப்போதுதான் ஆலைக்காரர் குனிந்து அவர் காதில் ஏதோ சொன்னார்.

அதிகாரி மனுவை எடுத்தார். "பேர் சொல்றேன், ஒவ்வொருத்தரா எழுந்திருங்க." முதல் நான்கு பேரும் இருக்கேன் சார் என்று எழுந்து நின்றார்கள். ஐந்தாவது பெயர் என் கணவரின் அண்ணனுடையது. அதிகாரி வாசித்தார். பதில் இல்லை. மறுபடி வாசித்தார். கொட்டகைக்கு வெளியே காக்கைகள் மீன்கழிவுக்குச் சண்டை போடுவது மட்டும் கேட்டது. "அவரு ஏரில இருந்து இன்னும் வரல சார்," என்றார் ஆலைக்காரர், புன்சிரிப்போடு. "நாலு வருஷமா." அதிகாரியின் முகம் மாறியது. "செத்தவன் வந்து ரேகை வெச்சானா? இது போர்ஜரின்னு தெரியுமா உங்களுக்கு? யார் எழுதினது இத?" போலீஸ்காரர்கள் நிமிர்ந்து நின்றார்கள்.

யாரும் என் பக்கம் திரும்பவில்லை. நூறு பேருக்குத் தெரியும். ஒரு தலைகூடத் திரும்பவில்லை. என்னைக் காப்பாற்றத்தான் அப்படி இருந்தார்கள். ஆனால் அது என்னைச் சுற்றிச் சுவர் எழுப்பியது போல இருந்தது. என் கணவர் தன் கால் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். பொன்னேரி ஸ்டேஷனும், கம்பியும், பாலுக்கு அழும் குழந்தையும் ஒன்றன்பின் ஒன்றாக என் கண்ணுக்குள் வந்தன. "சொல்லலைன்னா தலைவர ஏத்திட்டுப் போவேன்" என்றார் அதிகாரி. தலைவர் மெல்ல எழப் பார்த்தார். அதற்குள் அக்கா எழுந்துவிட்டாள்.

"அந்தப் பேருக்கு நான் சார்," என்றாள். புருஷன் பெயரைச் சொல்லும் வழக்கம் எங்கள் பெண்களுக்கு இல்லை. "ரேக என்னுதுதான்."

"எழுதினது?"

"அதுவும் நான்தான்."

"எழுதத் தெரியுமா உனக்கு?"

"தெரியாமயா எழுதினேன்?"

அதிகாரி பேனாவை நீட்டினார். "எங்க, உன் வீட்டுக்காரர் பேர எழுது." மீன் வெட்டும் கத்தியைப் பிடிப்பதுபோல அக்கா பேனாவை முஷ்டியில் பிடித்தாள். மனுவின் ஓரத்தில், குறுக்கே வெட்டும் இரண்டு கோடுகளும் ஒரு புள்ளியும் போட்டாள். எங்கள் வீட்டு வலைக்கம்புகளில் செதுக்கியிருக்கும் குறி அது. "இதான் சார் எங்க ஊட்டு எழுத்து. ஏரில இதப் பாத்தா எவனும் வலையத் தொட மாட்டான்." அதிகாரி அதை வெகுநேரம் பார்த்தார். எழுதியது அவள் இல்லை என்பது அவருக்குத் தெரிந்துதான் இருந்தது. ஆனால் யாரையாவது கொண்டுபோயாக வேண்டும். "ஏத்துங்க" என்றார்.

அப்போது என் குழந்தை வீறிட்டு அழுதது. அழும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு நான் கொட்டகையை விட்டு வெளியே நடந்தேன். யாரும் தடுக்கவில்லை. குழந்தை தானாக அழவில்லை. அங்கிருந்து போக ஒரு காரணம் வேண்டும் என்று அதன் தொடையில் நான் கிள்ளினேன். இத்தனை வருஷத்தில் இதை யாரிடமும் நான் சொன்னதில்லை.

ஜீப்பில் ஏறும்போது அக்கா என்னைப் பார்த்துக் கத்தினாள். "அடுப்புல கொழம்பு கீது, எறக்கி வெய்யி!" மறுநாள் மத்தியானம்தான் விட்டார்கள். அதன்பிறகு ஒரு வருஷத்துக்கு மேல் வாய்தா வாய்தாவாகப் பொன்னேரிக்குப் போய்வந்தாள். ஒருமுறைகூட நான் துணைக்குப் போகவில்லை. யாராவது என் கையில் பேனாவைக் கொடுத்து எழுதச் சொல்லிவிடுவார்களோ, எழுத்தை வைத்து ஒப்பிட்டுப் பார்த்துவிடுவார்களோ என்று பயம். ஊரில் யாருக்கும் ஒரு கார்டுகூட எழுதிக் கொடுக்கவில்லை. கண் வலி என்றேன். கடைசியில் வழக்கைத் தள்ளிவிட்டார்கள். ஆலையும் வரவில்லை. ஏன் வரவில்லை என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. வேறு எங்கோ போய்விட்டதாகப் பேசிக்கொண்டார்கள். எல்லோரும் பொங்கல் வைத்துக் கொண்டாடியபோது, "எந்த ஊருக்காரி தலையில உழுந்துச்சோ" என்று அக்கா மட்டும் சொன்னாள்.

அவளிடம் ஒருமுறை கேட்டேன், ஏன் எழுந்தாய் என்று. "நான் சொல்லித்தானே எழுதின? அப்பால உன் இடுப்புல புள்ள கீது. என் இடுப்புல இன்னா கீது, பறிதானே?" என்று தேய்ந்த பல் தெரியச் சிரித்தாள். அந்தப் பிள்ளையை நான் என்ன செய்தேன் என்று அப்போதாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவள் போய் ஆறு வருஷம் ஆகிறது.

நாங்கள் சென்னைக்கு வந்து வெகுகாலம் ஆயிற்று. அன்று இடுப்பில் இருந்த மகள் இப்போது ஆரம்பாக்கத்தில் வாழ்க்கைப்பட்டு, அங்கேயே பள்ளிக்கூடத்தில் வேலை பார்க்கிறாள். அவளுக்கும் ஒரு குழந்தை. நேற்று போன் செய்தாள். ஊருக்கு வெளியே பழைய பிளாஸ்டிக்கை உருக்கும் ஆலை வரப்போகிறதாம். "டீச்சர், நீங்கதான் மனு எழுதித் தரணும்னு எல்லாரும் கேக்கறாங்கம்மா. சரின்னுட்டேன்" என்றாள், சந்தோஷமாக. வேண்டாம் என்றேன். வேலை போகும் என்றேன், போலீஸ் வரும் என்றேன், கைக்குழந்தைக்காரி உனக்கு எதற்கு என்றேன். அவள் பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள். பிறகு, "நான் எழுதலன்னா வேற யாரும்மா எழுதுவாங்க?" என்று கேட்டாள்.

"நான் வந்து எழுதறேன்" என்றேன். "எழுதினது யாருன்னு கேட்டா என் பேரச் சொல்லு. மனுவோட கடைசியில, எழுதினது நான்னு என் பேரையும் போட்டே தரேன்."

காலை ரயிலுக்குப் போக வேண்டும். பயம் கொஞ்சமும் குறையவில்லை. பையில் துணி எடுத்து வைத்தேன். மகள் வீட்டுக்கு ஒருநாள் போய்வர ஒரு புடவை போதும். விசாரணைக்கு ஆள் வரும்வரை இருப்பதற்கு நான்கு வைத்திருக்கிறேன்.