வலப்பக்கக் கதவு

கடலில் விசைப்படகுப் பந்தயம் நடத்துகிறவர்கள் முக்குளிப்பானை மீட்பு வேலைக்கு எடுத்தபோது, பந்தயம் பிடிக்குமா என்று கேட்கவில்லை. எவ்வளவு நேரம் மூச்சடக்குவாய் என்றுதான் கேட்டார்கள். கப்பல்களின் அடிவயிற்றில் ஒட்டிக்கிடக்கும் சிப்பியைச் சுரண்டி அவர் பிழைத்துக்கொண்டிருந்த காலம் அது. பிறகு நகரத்து நீச்சல்குளத்தில் பம்பு அறை வேலை கிடைத்தது. ஆனாலும் பந்தயம் என்றால் விடுப்பு போட்டுவிட்டு மீட்புப் படகில் ஏறிவிடுவார். முக்குளிப்பான் என்ற பட்டப்பெயர் துறைமுகத்தில் ஒட்டியது. வீட்டுக்காரியே பெயர் சொல்லிக் கூப்பிடுவதை நிறுத்தி வெகுநாளாகிறது.

எந்தப் பந்தயத்திலும் யார் ஜெயித்தார்கள் என்று அவருக்குத் தெரியாது. அலைமேல் அந்த வேகத்தில் போகும் படகுக்குத் தண்ணீரும் சிமெண்டுத் தரையும் ஒன்றுதான். மூக்கு குத்தினால் நொறுங்கும். காற்று அடியில் புகுந்தால் மல்லாந்துவிடும். அவர் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். இரைச்சல் இருக்கும்வரை கவலையில்லை. ஏதாவது ஒரு இரைச்சல் பாதியில் அறுந்தால் முகமூடியை இழுத்து மாட்டிக்கொள்வார்.

"சினிமாவுக்குப் போனா படத்தைப் பாக்கணும். இவரு வெளிய போற வழி எங்க இருக்குன்னு பாத்துட்டு வர்ற ஆளு" என்பாள் வீட்டுக்காரி.

அவர் வெளியே எடுத்தவர்களில் ஒருவர் இடுப்பொடிந்து, இப்போது கைத்தடியோடு நடக்கிறார். இன்னொருவர் கரைக்கு வந்ததும் தலைக்கவசம் எங்கே என்று சண்டை பிடித்தார். அவர்களைப் பற்றி முக்குளிப்பான் சிரித்துக்கொண்டே பேசுவார். அண்ணன் தம்பி படகைப் பற்றி மட்டும் யாராவது கேட்டால்தான் பேசுவார், அதுவும் இரண்டு வார்த்தை.

அந்தப் படகில் அண்ணன் இடப்பக்கம் உட்கார்ந்து சுக்கான் பிடித்தார், தம்பி வலப்பக்கம் உட்கார்ந்து வேகத்தைப் பார்த்துக்கொண்டான். இரண்டு பேர் தலைக்கும் மேலே ஆளுக்கொரு கதவு. திருப்பத்தில் படகு அலையைக் குத்திக் கவிழ்ந்தது. முக்குளிப்பான் அடியில் போனபோது இடப்பக்கக் கதவுச் சட்டம் முறுக்கிக்கொண்டு அசையவில்லை. வலப்பக்கம் திறந்தது. தம்பியின் பெல்ட்டை அறுத்து, மேலே கொடுத்துவிட்டுத் திரும்பவும் போனார். அண்ணன் இருக்கையில் இல்லை. பெல்ட்டைத் தானே கழற்றிவிட்டு, திறக்காத கதவின் கைப்பிடியைப் பிடித்தபடி இருந்தார். உயிர் இல்லை. கண்டதைக் கண்டபடி விசாரணையில் சொன்னார். அந்த வீட்டிலிருந்து தம்பி மட்டும்தான் வந்திருந்தான். அதற்கப்புறம்தான் எல்லாப் படகுக்கும் அடித்தட்டில் ஒரு கதவு வைக்க வேண்டும் என்று விதி வந்தது. கவிழ்ந்தால் வானத்தைப் பார்க்கிற கதவு அதுதான்.

ஆண்டுதோறும் பந்தயத்துக்கு முந்தின நாள், கடலில் உயிர்விட்டவர்களின் பெயர்களைப் படகுத்துறையில் வாசித்து, எல்லோரும் சற்று நேரம் எழுந்து நிற்பார்கள். அண்ணனின் மனைவி தவறாமல் வருவாள். கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்துப் பொருத்துகிற வேலை அவளுக்கு. எதையும் ஒரு கண்ணைச் சுருக்கிப் பார்க்கிற பழக்கம் அதனால் வந்ததாக இருக்கலாம். முக்குளிப்பானிடம் "நல்லா இருக்கீங்களா அண்ணா?" என்பாள். அவர் "இருக்கேம்மா" என்பார். இத்தனை வருடத்துப் பேச்சும் அவ்வளவுதான்.

அந்த வருடம் அவர் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது, தானும் ஒரு கோப்பையோடு பக்கத்தில் வந்து நின்றாள். கிரேன் ஒரு படகைத் தூக்கிக்கொண்டிருந்தது.

"அடியில எதுக்குண்ணா கதவு? தண்ணி உள்ள வராதா?"

"நல்லா மூடிக்கும்மா. உங்க வீட்டுக்காரருக்கு அப்புறம் வந்ததுதானே இது. அவரு பெல்ட்டைக் கழட்டிட்டு மேல்கதவுகிட்ட வந்துட்டாரு. அது தொறக்கல. அன்னைக்கு இந்த மாதிரி அடியில ஒண்ணு இருந்திருந்தா..."

சொல்லிக்கொண்டே திரும்பியவர் அவள் முகத்தைப் பார்த்து நிறுத்தினார்.

"அவரே கழட்டினாரா?"

முக்குளிப்பானுக்கு அப்போதுதான் உறைத்தது. சொன்ன சொல்லை எங்கே கொண்டுபோய் ஒளிப்பது? "உங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன்மா."

"தலையில அடிபட்டு அந்த நொடியே போயிட்டாருன்னு கொழுந்தன் சொன்னாரு. வலியே தெரிஞ்சிருக்காதுன்னு." கோப்பையைக் குப்பைத்தொட்டியில் போட்டாள். "வீட்டுல சட்டைப் பொத்தானக்கூட நான்தான் போட்டுவிடணும் அவருக்கு" என்றாள். பிறகு போய்விட்டாள்.

சாயங்காலம் தம்பி பம்பு அறைக்கே வந்தான். விபத்துக்குப் பிறகு படகேறாதவன். இப்போது லாரிகளுக்கு டயர் மாற்றும் கடை வைத்திருக்கிறான்.

"எதுக்குண்ணே சொன்னீங்க? அண்ணி வீட்டுக் கதவைத் தொறக்க மாட்டேங்குறாங்க."

"நீ சொல்லியிருப்பேன்னு நெனச்சேன்ப்பா."

"எப்படிச் சொல்றது? அவரு கதவுல தொங்கிட்டு இருந்தாரு, நான் வெளிய வந்துட்டேன்னா?"

பம்பு ஓடிக்கொண்டிருந்தது. தம்பி கொஞ்ச நேரம் அளவுமானியைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டுப் போனான். மறுநாள் பந்தயத்தில் ஒரு படகு கவிழ்ந்தது. இரண்டு பேரும் அடிக்கதவு வழியாகத் தாங்களே ஏறி வந்து, படகின் மேல் உட்கார்ந்து கையாட்டினார்கள். முக்குளிப்பானுக்கு ஈரமானதுதான் மிச்சம்.

சில வாரம் கழித்து, குளத்தைப் பராமரிப்புக்காக மூடியிருந்த ஒரு மதியம் அவள் வந்தாள். பின்னாலேயே தம்பி, அவளுடைய கைப்பையைத் தூக்கிக்கொண்டு. தடுக்க வந்தவன் தோற்றுவிட்டான் என்று பார்த்தாலே தெரிந்தது.

"பந்தயக்காரங்கள உக்கார வச்சுக் கவுக்குற கூண்டு இங்கதானே இருக்கு? நான் உக்காரணும்."

இரும்புக் குழாயில் செய்த, இரண்டு இருக்கை வைத்த கூண்டு அது. சங்கிலியில் தொங்கவிட்டு, தண்ணீருக்குள் இறக்கித் தலைகீழாகப் புரட்டுவார்கள். தானாக வெளியே வரத் தெரிந்தவனுக்குத்தான் பந்தய அனுமதி.

"அது வெளையாட்டு இல்லம்மா. நீச்சல் தெரியுமா?"

"அவரவிட நல்லாத் தெரியும். வேணும்னா அவரு தம்பியக் கேளுங்க."

தம்பி தலையை மட்டும் ஆட்டினான்.

முக்குளிப்பான் யோசித்தார். முடியாது என்று சொல்லக் காரணம் நிறைய இருந்தது. ஆனால் வாயை விட்டவர் அவர்தானே. இன்னொரு முக்குளிப்புக்காரரை வரவழைத்தார். அவளுக்குத் தலைக்கவசமும் பெல்ட்டும் மாட்டி, எந்தக் கொக்கியை எந்தக் கையால் என்று திரும்பத் திரும்பச் செய்ய வைத்தார். அவள் இடப்பக்க இருக்கையைக் கேட்டாள். ஏன் என்று யாரும் கேட்கவில்லை.

கூண்டு புரண்டது. முக்குளிப்பான் கைக்கெட்டும் தூரத்தில், தண்ணீருக்குள் அவளைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அவள் கை முதலில் தவறான பக்கம் தேடியது. நின்றது. பிறகு கொக்கியைக் கண்டுபிடித்தது. அவர் உதவிக்குப் போக வேண்டியிருக்கவில்லை.

கரையேறித் தலைக்கவசத்தைக் கழற்றி, இருமி, மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"எது மேல எது கீழன்னே தெரியல" என்றாள். யாரிடம் என்றில்லை. "குளத்துலயே தெரியல. அந்தக் கடல்ல, அத்தனை அடியும் பட்டுட்டு, கழட்டியிருக்காரு." பிறகு தம்பியைப் பார்த்தாள். "வலியே தெரியாமப் போனாருன்னு நீங்க சொன்னது நல்ல மனசுலதான். ஆனா அவரு அப்படிப் போகல. அது எனக்குத் தெரியணும்."

தம்பி துண்டை நீட்டினான். வாங்கிக்கொண்டாள். அந்தச் சில வாரத்தில் அவனிடமிருந்து அவள் வாங்கிய முதல் பொருள் அது.

குளத்து உணவுக்கடை மூடியிருந்ததால் பம்பு அறையிலேயே தேநீர் போட்டார் முக்குளிப்பான். உட்கார ஒரு நாற்காலியும் குளோரின் டப்பாக்களும்தான். அவளுக்கு நாற்காலியைக் கொடுத்தார்கள். தம்பி டப்பாமேல் உட்கார்ந்து கோப்பையை உருட்டிக்கொண்டிருந்தான்.

"என்னை ஏண்ணே முதல்ல எடுத்தீங்க?" என்றான்.

"உன் பக்கக் கதவுதாம்ப்பா தொறந்துச்சு."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

வேறு ஏதோ எதிர்பார்த்தவன்போல அவர் முகத்தையே பார்த்தான். சின்ன வயசு என்று பார்த்திருப்பார், உயிர் இருப்பது தெரிந்திருக்கும் என்றெல்லாம் அவன் மனசு என்னென்னவோ கணக்குப் போட்டு வைத்திருக்க வேண்டும். பிறகு தேநீரைக் குடித்தான். அண்ணி அவனுக்கு இன்னும் கொஞ்சம் ஊற்றச் சொன்னாள். இரண்டு பேரும் ஒரே வண்டியில் திரும்பிப் போனார்கள்.

வீட்டில், தலை ஏன் ஈரமாக இருக்கிறது, பராமரிப்பு நாளில் யாரைக் காப்பாற்றினீர்கள் என்று வீட்டுக்காரி கேட்டாள். நடந்ததை ஒன்று விடாமல் சொன்னார். எல்லாம் கேட்டுவிட்டு, "இனிமே டீ குடிக்கிறப்போ வாயை அதுக்கு மட்டும் பயன்படுத்துங்க" என்றாள் அவள். சரி என்றார். அடுத்த பந்தயத்துக்கு விடுப்பு எழுதிக் கொடுத்தாகிவிட்டதா என்று அவளே ஞாபகப்படுத்தினாள்.