ஜப்பார் வாய் திறந்த சனிக்கிழமை

மரக்காணத்தில் பஸ்ஸை விட்டு இறங்கினாலே உதடு உப்புக் கரிக்கும். உப்பளத்து வெள்ளையில் கண் கூசும்...

எண்பதுகளின் கடைசி. கிளினிக்கல் சைக்காலஜி பயிற்சியில் இருந்தேன். சனிக்கிழமைதோறும் பாண்டிச்சேரியிலிருந்து எங்களை அங்கே மனநலக் கேம்ப்புக்கு அனுப்புவார்கள். பள்ளிக்கூடத்து வகுப்பறை ஒன்று, சின்னப் பிள்ளைகள் உட்காரும் பெஞ்ச்... அதுதான் கிளினிக்.

அங்கேதான் சபீரா தன் கணவர் ஜப்பாரை அழைத்து வந்தாள். சவுதியில் கட்டட வேலை பார்த்துவிட்டுத் திரும்பியவர். வந்ததிலிருந்து பேச்சில்லை, தூக்கமில்லை.

"ஜின்னு புடிச்சிருக்குன்னு சொல்றாங்க மேடம். தர்காவுல ஓதியும் பாத்துட்டோம். நீங்களாச்சும் பேச வைங்க."

படித்த கேள்விகளையெல்லாம் கேட்டேன். அவர் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். கேள்வி தீர்ந்ததும் நானும் சும்மா உட்கார்ந்திருந்தேன். அடுத்தடுத்த வாரங்களும் அப்படியே...

ஒரு சனிக்கிழமை, மாத்திரை வாங்க வந்த வயதான அம்மா ஒருவர் வராந்தாவில் அவரைப் பிடித்துக்கொண்டார்.

"ஏம்பா ஜப்பாரு, எம்புள்ள கடைசியா எதனா சொன்னானாப்பா?"

ஜப்பார் உள்ளே வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். அன்றுதான் வாய் திறந்தார்.

"அது காதரோட அம்மா. அவனும் நானும் ஒரே ரூமு. அன்னிக்கு எனக்குக் காய்ச்சலுங்க. எனக்குப் பதிலா அவன் மேல ஏறுனான். சாரம் சரிஞ்சி வுழுந்துட்டான்... ஹார்ட் அட்டாக்குன்னு ஊருக்குச் சொல்லி அனுப்புனதே நான்தாங்க."

வெகுநேரம் அழுதார். நான் தடுக்கவில்லை.

சில வாரங்கள் கழித்து அவரே சொன்னார். "காதரோட அம்மாகிட்ட சொல்லிடணுங்க. தனியா போவ முடியல. நீங்களும் வர்றீங்களா?"

போனோம். வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். அந்த அம்மா கடைசிவரை கேட்டுவிட்டுச் சொன்னார்.

"அப்போ நீ ஏறியிருந்தா எம்புள்ள இருந்திருப்பான்."

உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

இருவரும் வெயிலில் நடந்தோம். முக்கில் நின்று, "பஸ்ஸு வந்துடும், நீங்க கெளம்புங்க" என்றார் ஜப்பார்.

நான் அங்கே போன கடைசி வாரம் சபீரா மட்டும் வந்தாள். "இப்பல்லாம் தூங்குறாருங்க. சாப்புடுறாரு. காதரு வூட்டுத் தெரு பக்கம் மட்டும் போறதில்ல. பள்ளிவாசலுக்குக்கூட சுத்திக்கினுதான் போறாரு."

நன்றி போலத்தான் சொன்னாள். சந்தோஷப்படுவதா வேண்டாமா என்று எனக்குத் தெரியவில்லை. இன்றும் தெரியவில்லை...

இப்போது சொந்தமாகக் கிளினிக். ஏசி, அப்பாயின்ட்மென்ட் எல்லாம் உண்டு. வருகிறவர்கள் ஆங்சைட்டி, டிராமா என்று அவர்களே பெயர் சொல்லித்தான் ஆரம்பிக்கிறார்கள். மனதில் இருப்பதைக் கொட்டிவிட்டு லிஃப்டில் இறங்கிப் போய்விடுகிறார்கள். வெளியே யார் முன்னால் போய் நிற்கிறார்கள், என்ன பதில் கேட்டுத் திரும்புகிறார்கள்... எனக்குத் தெரிவதே இல்லை.

அன்று ஜப்பார் பக்கத்தில் நிற்கவாவது முடிந்தது.