மடியில் வைத்த மாதுளை

எண்பதுகளில் நாங்கள் கலிஃபோர்னியாவில், டப்ளினில் இருந்தபோது, ஏழு வயதிலேயே எனக்கு ஓர் உத்தியோகம் கிடைத்தது. மேல்வீட்டில் இருந்த பெரியம்மாவுக்கும் அவருடைய பக்கத்து வீட்டுச் சீன ஆன்ட்டிக்கும் நடுவே துபாஷி வேலை. ஆன்ட்டிக்கு அரைகுறை இங்கிலீஷ். பெரியம்மாவுக்கு அதுவும் கிடையாது. என் தமிழோ, அப்பாவின் வார்த்தையில், கடித்துத் துப்பிய தமிழ்.

அம்மாவும் அப்பாவும் வேலைக்குப் போய்விட, என்னை வளர்த்தது பெரியம்மாதான். அவருக்குப் பிள்ளை இல்லை. ஊரில் அவர் ஏறாத கோயில் இல்லை, சுற்றாத அரசமரம் இல்லை. போன இடமெல்லாம் யாராவது மடியில் ஒரு பழத்தைக் கட்டி, அடுத்த வருஷம் தொட்டில்தான் என்பார்களாம். இங்கே பழம் கட்ட ஆளில்லை என்பதே அமெரிக்காவில் அவருக்குப் பிடித்த விஷயம். இதெல்லாம் பின்னால் அம்மா சொல்லித் தெரிந்தது. அப்போது எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்: பெரியம்மா என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார். 'முத்து' என்பார்.

ஆன்ட்டி வீட்டுக் கண்ணாடி அலமாரியில், ஜேட் என்கிற பச்சைக் கல்லில் செதுக்கிய காய்கனிகள் இருந்தன. கொள்ளுத்தாத்தா காலத்தவை. ஒவ்வொன்றிலும் ஒரு வாழ்த்து உண்டு. பீச் பழம் என்றால் நீண்ட ஆயுள். கொடியோடு சுரைக்காய் என்றால் அறுபடாத வம்சம். அப்பா ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு, "ஏட்டுச் சுரைக்காயே கறிக்கு உதவாது, இது கல்லுச் சுரைக்காய் வேறயா!" என்றார். அதை மட்டும் நான் மொழிபெயர்க்கவில்லை.

ஒரு மத்தியானம், வாய் பிளந்த ஜேட் மாதுளை ஒன்றைக் கொண்டுவந்து ஆன்ட்டி நேரே பெரியம்மாவின் மடியில் வைத்தார். பிளவுக்குள் சின்னச் சின்னதாய் விதைகள். தங்கள் மொழியில் விதைக்கும் பிள்ளைக்கும் ஒரே சொல், இது வீட்டில் இருந்தால் பிள்ளை பிறக்கும் என்று சொல்லச் சொன்னார். அப்படியே சொன்னேன்.

பெரியம்மாவின் முகம் சுண்டிப்போயிற்று.

"இங்கயுமா?" என்றார். அதை ஆன்ட்டிக்குச் சொல்வதா வேண்டாமா என்று நான் விழித்தேன். "எனக்கு வேண்டாம்னு சொல்லு முத்து. கோவிச்சுக்க வேண்டாம்னும் சொல்லு."

"நோ தேங்க்ஸ்" என்றேன். எனக்கு முடிந்தது அவ்வளவுதான்.

ஆன்ட்டி பழத்தைத் திரும்ப எடுக்கவில்லை. ஏதாவது பேசியாக வேண்டுமே என்று பெரியம்மா, "நம்ம ஊர்ல இத விதைன்னு சொல்ல மாட்டோம், மாதுளை முத்துன்னுதான் சொல்லுவோம்னு சொல்லு" என்றார்.

எனக்கு ஒரே துள்ளல். "ஆன்ட்டி, இன் தமிழ் இட்ஸ் முத்து! ஷி கால்ஸ் மீ முத்து! தட்ஸ் மீ!" என்று கத்தினேன்.

ஆன்ட்டி என்னைப் பார்த்தார். பெரியம்மாவைப் பார்த்தார். பிறகு மாதுளையை எடுத்து என் கையில் கொடுத்து, பழமும் கையுமாக என்னைத் தூக்கிப் பெரியம்மாவின் மடியில் உட்கார வைத்தார். இதை மொழிபெயர்க்கச் சொல்லி யாரும் என்னைக் கேட்கவில்லை. பெரியம்மா என்னை இறுகக் கட்டிக்கொண்டு விசும்பி விசும்பி அழுதார்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. துபாஷி வேலைக்குக் கிடைத்த பரிசு என்று நினைத்து, மாதுளையைக் கவுன் பையில் போட்டுக்கொண்டேன். நான் கனக்கிறேன் போலிருக்கிறது, அதனால்தான் அழுகிறார் என்று இறங்கப் பார்த்தேன். அவர் விடவில்லை.