லவானின் தோளும் டெல்பர்ட்டின் புகைக்குழாயும்

எங்கள் ஆண்டர்சன் ஊரில் பாதிப் பேர் இன்னும் அதை டெல்பர்ட்டின் கார் என்றுதான் சொல்கிறார்கள். அது லவான் டீக்கின் கார். ஹெட்லைட் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், கல்யாணத்துக்கு முன்பே, தன் சம்பளத்தில் அவள் வாங்கிய அறுபத்தொன்பதாம் வருஷத்து ஷெவெல். அவள் கணவன் டெல்பர்ட் பின்னால்தான் வந்தான்.

அதில் பவர் ஸ்டீயரிங் கிடையாது. நெடுஞ்சாலையில் ஒன்றும் தெரியாது. ஓரங்கட்டி ஒடித்து நிறுத்தும்போதுதான் உயிர் போகும். துருப்பிடித்த வால்வைத் திருகுவதுபோல இரண்டு கையாலும் இழுக்க வேண்டும். போன குளிர்காலத்தில் லவானுக்கு வலது தோளில் ஆபரேஷன் ஆனது. பவர் ஸ்டீயரிங் போட்டுவிடலாம் என்று அவளே முடிவு செய்தாள். வெள்ளிக்கிழமை மாலைகளில் ஐஸ்கிரீம் கடை வாசலில் பழைய கார்களோடு கூடும் ஆண்களுக்கு அது பிடிக்கவில்லை. வண்டியின் அசல்தன்மை போய்விடுமாம்.

"என் தோளும் ஒரிஜினல்தான்பா. அதுக்கு எந்தக் கடையிலயும் பார்ட்ஸ் கிடைக்காது" என்றாள் லவான்.

டெல்பர்ட் தானே செய்வதாக ஏற்றுக்கொண்டான். ஒரே நாள் வேலை என்றான். மே மாதம் சாமான்கள் வந்தன. காரைத் தூக்கி முட்டுக்கொடுத்து நிறுத்தினான், பழைய ஸ்டீயரிங் பெட்டியைக் கழற்றினான், புதியதை உள்ளே விட்டான். அது உட்காரவில்லை. பெட்டி கோளாறு என்று திருப்பி அனுப்பினான். மாற்றாக வந்ததும் உட்காரவில்லை. உடனே காரின் அடிச்சட்டம் வளைந்திருக்கிறது என்றான்.

எதிர்வீட்டுக்காரன் என்பதால் என்னைக் கூப்பிட்டுக் காட்டினான். டார்ச் அடித்துப் பார்த்தேன். பெட்டி உட்கார வேண்டிய இடத்தில் எஞ்சினிலிருந்து இறங்கும் புகைக்குழாய் ஒன்று பளபளவென்று நின்றது. சில வருஷங்களுக்கு முன் லவானின் பிறந்தநாள் பரிசாக அவனே வாங்கி மாட்டிய குழாய்கள். அவற்றால் வண்டி தெருமுனையில் திரும்பும்போதே என் வீட்டு ஜன்னல் அதிரும். குழாய்தானே இடிக்கிறது என்றேன். இல்லை, பெட்டிதான் பெரிசு என்று முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

அதன்பிறகு கோடை முழுக்கச் சுத்தியல் சத்தம். குழாயைத் தட்டி ஒடுக்கிப் பார்த்தான். பெட்டியின் ஓரத்தை அரத்தால் ராவிப் பார்த்தான். லவான் அவனுடைய பிக்கப் வண்டியில் தோளுக்கான பயிற்சி சிகிச்சைக்குப் போய்வந்தாள். சந்தையிலும் சர்ச்சிலும் பார்ப்பவர்களெல்லாம் டெல்பர்ட் தன் காரை முடித்துவிட்டானா என்று அவளிடமே கேட்டார்கள். முதலில் பதில் சொன்னாள். ஆகஸ்டில் சொல்வதை நிறுத்திவிட்டாள்.

ஒருநாள் மத்தியானம் நானும் அவர்கள் ஷெட்டில் இருந்தேன். லவான் பன்றி இறைச்சி சாண்ட்விச் கொண்டுவந்தாள். டெல்பர்ட் போனில் யாரிடமோ, இதைவிடச் சின்னப் பெட்டி இருக்கிறதா என்று விசாரித்துக்கொண்டிருந்தான். அவள் தட்டை வைத்துவிட்டு, இடது கையை எஞ்சின் பக்கமாக உள்ளே விட்டுத் தடவிப் பார்த்தாள். அவன் போனை வைக்கும்வரை காத்திருந்தாள்.

"இந்தப் பைப்புதான் இடிக்குதுன்னு உனக்கு எப்பத் தெரியும்?"

அவன் துணியால் கையைத் துடைத்தான். துடைத்துக்கொண்டே இருந்தான்.

"மே மாசமே தெரியும்."

"அப்புறம் எதுக்கு ரெண்டு பெட்டி?"

"வண்டியோட வந்த பழைய இரும்புக் குழாய மாட்டினா சத்தமே வராது லவான். தையல் மெஷின் மாதிரி போகும்."

"எனக்குத் தையல் மெஷினே போதும். சத்தம் வேணும்னு நான் எப்பக் கேட்டேன்? அது நீ உனக்கே குடுத்துக்கிட்ட பரிசு. எனக்குப் பிறந்தநாள்ங்கறது ஒரு சாக்கு."

இன்னும் ஒரு வாரம் கொடு, ஏதாவது வழி பார்க்கிறேன் என்றான். அவள் ஸ்பானரை எடுத்து, பழக்கமில்லாத இடது கையால் குழாயின் முதல் போல்ட்டைத் திருக ஆரம்பித்தாள். ஸ்பானர் மூன்று தடவை வழுக்கியது. அதைப் பார்க்கச் சகிக்காமல் அவனே வாங்கிக்கொண்டான்.

அப்போதும் சுலபமாக முடியவில்லை. இரண்டு போல்ட் துருவேறித் தலை முறிந்தன. கொல்லைக் கொட்டகையில் போட்டிருந்த பழைய இரும்புக் குழாயில் குளவி கூடு கட்டியிருந்தது. புது ஸ்டீயரிங்கோடு வந்த பம்பில் எண்ணெய் கசிந்தது. எல்லாம் சரியாகி வண்டி தரையில் இறங்கியபோது மேப்பிள் இலைகள் சிவக்கத் தொடங்கியிருந்தன.

லவான் ஏறிப் பின்னோக்கி எடுத்தாள். அத்தனை வருஷப் பழக்கத்தில் ஸ்டீயரிங்கை முழு பலத்தோடு இழுத்தாள். வண்டி சர்ரென்று வளைந்து என் புல்வெளியில் ஏறி, ஓரத்தில் நட்டிருந்த என் தபால் பெட்டியைச் சாய்த்துவிட்டு நின்றது.

தெருவை ஒரு சுற்றுச் சுற்றிவந்து, பிக்கப்புக்கும் குப்பைத் தொட்டிகளுக்கும் நடுவில் இடது கையாலேயே நிறுத்திவிட்டு இறங்கினாள்.

"ரோடு கைக்கே தெரிய மாட்டேங்குது. சூப்பைக் கலக்குற மாதிரி இருக்கு" என்றாள்.

"நான்தான் அப்பவே..." என்று டெல்பர்ட் ஆரம்பித்தான்.

"நீ பேசாத."

சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, என் தபால் பெட்டியைத் தூக்கி நிறுத்த அவளே தெருவைக் கடந்து வந்தாள்.